பழைய மோட்டாரும் பழுதறியும் கையும்

கொட்டியாரக் குடாவின் கரையிலே வாழ்பவர்களுக்குப் பழுதுபார்த்தல் புதிய சங்கதியன்று. 1659ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, சோழமண்டலக் கரையிற் புயலில் அகப்பட்டுப் பாய்மரத்தை இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலேயக் கப்பல், அக்குறையைத் தீர்த்துக்கொள்ளும் நோக்கத்தோடு இக்குடாவினுள் வந்து நங்கூரமிட்டது. வந்தவர்களுட் பலர் அடுத்த ஆண்டிலே கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான றொபேட் நொக்ஸ், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்து, தப்பிச் சென்று, 1681இல் இலங்கையைப் பற்றி எழுதி வெளியிட்ட நூலைச் சரித்திரம் படித்தோர் அறிவர். அந்நூல் பிறப்பதற்குக் காரணம் ஒரு முறிந்த பாய்மரம். பழுதுபார்க்க வந்த ஒரு கப்பல்.

அதே குடாவின் தென்கரையில், மூதூரிலிருந்து சம்பூர் நோக்கிச் செல்லும் வழியில் அமைந்துள்ளது கட்டைபறிச்சான் என்னும் கிராமம். ஒரு பக்கம் உவர்நீர், மறுபக்கம் நெல்வயல். மகாவலி கங்கை கடலோடு கலக்கும் இந்நிலப்பரப்பிலே, திருகோணமலைத் துறைமுகம் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருந்தும், தரைவழிப் பயணம் நெடுங்காலம் துறைகளையும் தோணிகளையும் நம்பியே இருந்தது. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009ஆம் ஆண்டிலேதான் திறக்கப்பட்டது. கடையும் தொழிற்சாலையும் எட்டத்தில் இருக்கும் இடத்தில், கெட்டுப்போன பொருளை எறிந்துவிட்டு வேறொன்று வாங்குவது எளிதன்று. ஆகவே, உழவு இயந்திரம் நின்றுவிட்டால் மரநிழலிலே அதனைப் பிரித்துப் போட்டு, குறையைக் கண்டு, மறுபடியும் பூட்டி ஓட்டுகின்ற கைகள் இத்தகைய ஊர்களில் உருவாகின்றன. அக்கைகளுக்குப் பட்டம் இல்லை, பயிற்சி உண்டு. நூல் இல்லை, நினைவு உண்டு.

இத்தகைய கைகளின் திறமையையே ஒரு பொழுதுபோக்காகக் கொண்டு, அதற்கெனச் சங்கங்களும் விதிகளும் வகுத்துக்கொண்டவர்கள் உலகின் பல பாகங்களிலும் இருக்கின்றனர். பழைய மோட்டார் வண்டிகளை, சிறப்பாகப் பழைய அமெரிக்க வண்டிகளைத் தேடிப் பிடித்துச் செப்பனிட்டு ஓடச்செய்பவர்களே அவர்கள். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் இதற்கென ஒரு கழகம் 1935ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. இந்தியாவின் டில்லி நகரிலே பழைய வண்டிகளின் ஊர்வலம் 1964இல் தொடங்கியது. இப்பொழுதுபோக்கின் உட்பொருள் யாது? இது செல்வர்களின் வீண் விளையாட்டுத்தானா, அன்றி ஏழைக் கிராமத்து இளைஞனுக்கும் இதிற் கற்பதற்கு ஏதேனும் உண்டா? இவ்வினாக்களுக்கு விடை காண, அந்த வண்டிகள் எப்படிப் பிறந்தன என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மோட்டார் வண்டி ஐரோப்பாவிலே பிறந்தது. தொடக்க காலத்தில் ஒவ்வொரு வண்டியும் கைவினைஞர்களால் அராவி அராவிப் பொருத்தப்பட்ட தனிப்படைப்பாகவே இருந்தது. ஒரு வண்டியின் உறுப்பு, அதே கம்பனி செய்த மற்றொரு வண்டிக்குப் பொருந்தும் என்ற நிச்சயமில்லை. இந்நிலையிலே 1908ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் அதிசயமான பரீட்சை நடைபெற்றது. அமெரிக்காவிலிருந்து வந்த கடிலாக் வண்டிகள் மூன்று, புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலிலே, அரச மோட்டார்க் கழகத்தின் மேற்பார்வையில், ஆணிவேறு சுரைவேறாகக் கழற்றப்பட்டன. மூன்றின் உறுப்புகளும் ஒன்றாகக் கலந்து குவிக்கப்பட்டன. போதாக்குறைக்கு, சில உறுப்புகளை அகற்றிவிட்டு அவற்றுக்குப் பதிலாகக் கடைக் கையிருப்பிலிருந்து புதியவை வைக்கப்பட்டன. அந்தக் குவியலிலிருந்து மீண்டும் மூன்று வண்டிகள் பூட்டப்பட்டன. மூன்றும் 500 மைல் தூரம் ஓடிக் காட்டின. அச்சாதனைக்காக டிவார் கிண்ணம் என்னும் பரிசு கடிலாக் கம்பனிக்குக் கிடைத்தது.

அதே 1908ஆம் ஆண்டின் இறுதியில் ஹென்றி போர்ட் தமது ‘ரி’ மாதிரி வண்டியை வெளியிட்டார். 1913இல் வண்டி நகர, ஆள் நின்ற இடத்தில் நின்று வேலைசெய்யும் முறை அவருடைய தொழிற்சாலையிற் புகுத்தப்பட்டது. பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பிடித்த அடிச்சட்டப் பூட்டுவேலை ஒன்றரை மணித்தியாலமாகக் குறைந்தது. 850 டொலராக இருந்த விலை, 1920களின் நடுப்பகுதியில் 300 டொலருக்கும் கீழே இறங்கியது. 1927இல் அம்மாதிரி நிறுத்தப்படும் வரையில் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான வண்டிகள் வெளிவந்தன. இவற்றை வாங்கியவர்களிற் பெருந்தொகையினர் அமெரிக்க உழவர்கள். பட்டணம் எட்டத்தில், பாதை சேறு, கராச் என்பது கேள்விப்படாத சொல். ஆதலால் அந்த வண்டி, வாங்கியவனே திறந்து பார்த்துத் திருத்தக்கூடியதாக அமைந்திருக்க வேண்டியதாயிற்று.

அதன் அமைப்பைச் சற்று நோக்கினால் இது விளங்கும். நான்கு உருளைகள், இருபது குதிரைவலு. நீரைச் சுற்றோட்டம் செய்யத் தனிப் பம்பு இல்லை. சூடேறிய நீர் தானே மேலெழுந்து றேடியேற்றரிற் குளிர்ந்து கீழிறங்கும். பெற்றோலைத் தள்ளவும் பம்பு இல்லை. இருக்கையின் கீழுள்ள தாங்கியிலிருந்து அது தன் பாரத்தாலேயே இறங்கி வரும். அதனால், பெற்றோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏற நேர்ந்தால், ஓட்டுநர் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி ஏறவேண்டும்! மின்பொறியைத் தருவதற்குப் பறப்புச் சில்லிலேயே காந்தங்கள் பொருத்தப்பட்டிருந்தன. காலுக்கு மூன்று மிதிகள் உண்டு. ஆனால் அவற்றுள் ஒன்றேனும் வேகத்தைக் கூட்டும் மிதியன்று. வேகம் சுக்கானுக்குக் கீழே உள்ள ஒரு சிறு நெம்பிலே கையால் அமைக்கப்படும். இன்றைய ஓட்டுநர் ஒருவர் அதில் ஏறி உட்கார்ந்தால் எல்லாம் மாறுபாடாகவே தோன்றும். எனினும் அந்த வண்டியில் மறைவானது ஏதுமில்லை. ஒவ்வொரு செயலுக்கும் உரிய காரணத்தைக் கண்ணாற் காணலாம், விரலால் தொடலாம்.

பிரித்துப் பார்த்துக் கற்பவர்களின் வரலாறு இங்கேதான் தொடங்குகிறது. 1908ஆம் ஆண்டிலே சிக்காகோ நகரக் கண்காட்சியில், புகைவண்டிப் பட்டறை அதிகாரி ஒருவர் ‘லோக்கோமோபில்’ என்ற வண்டியைக் கண்டு மயங்கினார். விலை 5,000 டொலர். கையிலிருந்ததோ சிறு தொகை. மிகுதியைக் கடன்பட்டு வாங்கி ஊருக்குக் கொண்டுவந்த அவர், அதனை உடனே ஓட்டவில்லை. கொட்டகையில் நிறுத்தி, உறுப்பு உறுப்பாகக் கழற்றி, ஒவ்வொன்றின் பயனையும் ஆராய்ந்து, மறுபடி பூட்டினார். இப்படிப் பலமுறை செய்த பின்னரே அதில் ஏறி வீதிக்குச் சென்றார். அவர் பெயர் வோல்ட்டர் கிறைஸ்லர். 1925இல் அவர் நிறுவிய கம்பனி அமெரிக்காவின் மூன்று பெரிய மோட்டார்க் கம்பனிகளுள் ஒன்றாயிற்று.

தமிழ்நாட்டிலும் இதற்கு நிகரான வரலாறு உண்டு. கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஏறிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். உணவு விடுதியில் வேலைசெய்து, காசு காசாகச் சேர்த்து, அவ்வாகனத்தையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் பிரித்தார், பிரித்ததைப் பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரேயொரு பஸ் வண்டியோடு தொடங்கிய அவருடைய போக்குவரத்துத் தொழில் பெருகி வளர்ந்தது. அவர் வழிவந்தோர் கோயம்புத்தூரில் அமைத்துள்ள மோட்டார்க் காட்சிசாலையிலே பழைய வண்டிகள் பல பேணப்படுகின்றன. கடல் கடந்த இரு நாடுகளில், ஒருவரையொருவர் அறியாத இருவர், ஒரே பாடத்தை ஒரே முறையிற் கற்றமை கருதத்தக்கது.

அமெரிக்க வண்டிகள் இப்பகுதிக்கு வந்த வழியும் சுவையானது. பிரிட்டன் நீங்கலாகப் பேரரசின் பிற பகுதிகளிற் போர்ட் வண்டிகளைச் செய்து விற்கும் உரிமை, 1904இல் அமைந்த கனடாவின் போர்ட் கம்பனியிடம் இருந்தது. வீதியின் இடப்புறத்தில் ஓடும் நாடுகளுக்கு ஏற்ப, சுக்கானை வலப்புறத்தில் வைத்து அங்கே வண்டிகள் செய்யப்பட்டன. 1926இல் இந்தியாவிலே போர்ட் நிறுவனம் அமைந்தது. 1928இல் பம்பாயில் ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனி வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. பின்னர் இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையிற் குண்டுமாரி பொழிந்தன. 1944இல் தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகம் பேராதனைக்கு வந்தது. அப்போரின் வாகனம் என்று சொல்லத்தக்கது அமெரிக்க ஜீப் வண்டி. வில்லிஸ், போர்ட் ஆகிய இரு கம்பனிகளும் ஒரே வரைபடத்தின்படி ஏறத்தாழ 6,40,000 ஜீப்புகளைச் செய்தன. போர் முடிந்தபின், 1940களின் இறுதியில், மகீந்திரா நிறுவனம் இந்தியாவிலே அவற்றைப் பூட்டத் தொடங்கியது. அதனாலேயே, இன்றும் தென்னாசியாவிற் பழைய அமெரிக்க வாகனம் ஒன்றைச் செப்பனிட விரும்புவோர்க்கு எளிதில் அகப்படுவது ஜீப்பாகவே இருக்கிறது.

சரி, இப்படியொரு வண்டி ஒருவருக்குக் கிடைத்துவிட்டது என வைத்துக்கொள்வோம். அவர் செய்யவேண்டியது என்ன?

முதல் வாரம் எதையும் கழற்றாதிருத்தலே உத்தமம். வண்டியை நன்கு பார்த்து, எது எங்கே இருக்கிறது, எது குறைந்திருக்கிறது, எது பிற்காலத்தில் மாற்றப்பட்டது என்று ஒரு கொப்பியில் எழுதவேண்டும். கழற்றத் தொடங்கியபின், ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனித் தகரப்பேணியில் இட்டுப் பெயரெழுதி வைத்தல் வேண்டும். அவசரக்காரனுக்கு இது வீண் வேலையாகத் தோன்றும். ஆறு மாதம் கழித்து, இருபது ஆணிகளைக் கையில் வைத்துக்கொண்டு எது எங்கே போகும் என்று திகைக்கும்போதுதான் அதன் அருமை புலப்படும்.

பல ஆண்டுகள் அசையாது கிடந்த எஞ்சின் இறுகியிருக்கும். அதைப் பலவந்தமாகச் சுழற்ற முயன்றவர்கள் பிஸ்ரன் வளையங்களை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். மின்பொறிச் செருகிகளைக் கழற்றி, அத்துவாரங்களில் மெல்லிய எண்ணெயை ஊற்றி, நாட்கணக்கில் ஊறவிட்டு, பின் கையால் மெல்ல அசைத்துப் பார்ப்பதே அறிந்தோர் முறை. சுழல்கின்ற எஞ்சினுக்கு வேண்டியவை மூன்று: உருளையில் அழுத்தம், காலத்தில் எழும் பொறி, அளவாகக் கலந்த எரிபொருளும் காற்றும். இம்மூன்றில் எது குறைந்தது என்று ஒழுங்காகத் தேடுபவன் ஒரு மணித்தியாலத்திற் குறையைக் காண்பான். ஒழுங்கின்றி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவன் ஒரு வாரம் செலவழித்தும் காணமாட்டான்.

அமெரிக்க வண்டிகளுக்கென்றே உரிய சில இடர்ப்பாடுகளும் உண்டு. ஆங்கிலேய வண்டிகளில் வேலைசெய்து பழகியவர்களிடம் உள்ள பழைய ‘விற்வேர்த்’ அளவுச் சாவிகள் இவற்றுக்குப் பொருந்தா. இரு நாட்டாரின் திருகாணிப் புரிகளும் அளவுகளும் வெவ்வேறு. அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாடுகளும் கூடிப் புரிகளை ஒருமைப்படுத்த உடன்பட்டது 1948ஆம் ஆண்டிலேதான். பொருந்தாத சாவியால் முறுக்கினால் ஆணித்தலை தேய்ந்துவிடும். பொருந்தாத ஆணியைச் செருகினால் எஞ்சினின் புரியே அழிந்துவிடும். அன்றியும், 1950களின் நடுப்பகுதி வரையிற் பெரும்பாலான அமெரிக்க வண்டிகள் ஆறு வோல்ற் மின்னோட்டத்தில் இயங்கியவை. இன்று எங்கும் கிடைக்கும் பன்னிரண்டு வோல்ற் பற்றரியை யோசியாது பூட்டினால் விளக்குகளும் சுருள்களும் எரிந்துபோகும். ‘ரி’ மாதிரியிலும் அதன் பின்வந்த ‘ஏ’ மாதிரியிலும் சுழலச்சைத் தாங்கும் இடங்களில் வெள்ளைக் கலப்புலோகம் உருக்கி வார்க்கப்பட்டிருக்கும். தேய்ந்தால் கடையில் வாங்கிப் போடமுடியாது. உருக்கி வார்த்து, கடைந்து, சுரண்டிச் சரிசெய்யத் தெரிந்தவர் வேண்டும். அத்தகையோர் எங்கும் அருகி வருகின்றனர்.

உலோகத்தோடு வேலை முடிந்துவிடுவதில்லை. 1930களின் நடுப்பகுதி வரையிற் பல அமெரிக்க வண்டிகளின் உடலுக்கு உட்சட்டம் மரத்தாலானது. சில்லின் ஆரக்கால்களும் மரம். வெப்பநாட்டிலே தகடு துருப்பிடிக்கும் முன்பே சட்டத்தைக் கறையான் தின்றுவிடுதல் உண்டு. இங்கே மெக்கானிக் விலகி நிற்கத் தச்சன் முன்வரவேண்டும். மாட்டுவண்டிச் சில்லுக்கு ஆரக்கால் இறக்கி, இரும்புப் பட்டையைக் காய்ச்சி ஏற்றிய மரபு கிழக்கிலங்கையில் இருந்தது. முதிரையின் உறுதியையும் தேக்கின் குணத்தையும் அறிந்த கண், அமெரிக்கச் சட்டத்தையும் அறிந்துகொள்ளும். கட்டைபறிச்சானைப் போன்ற உவர்க்காற்று வீசும் ஊர்களிலோ துருவே முதற் பகைவன். அடித்தட்டை நன்னீராற் கழுவுதல், நீர் தேங்கும் பொந்துகளைத் திறந்து உலரவிடுதல், எண்ணெய் பூசுதல் ஆகிய இவை மூன்றும் நாள்தோறும் பல் துலக்குவது போன்ற கடமைகள். பளபளக்கும் வர்ணம் துருவை மறைக்கும், மாற்றாது.

உயிருக்கு இடரானவற்றையும் சொல்லாது விடுதல் தகாது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் உண்டாகும் மகிழ்ச்சியிலே வண்டியை வீதிக்கு எடுத்துவிடுவோர் உளர். முதலிற் பார்க்கவேண்டியது பிறேக். போர்ட் வண்டிகளில் 1939 வரையில் திரவ பிறேக் இல்லை. கம்பிகளும் தண்டுகளுமே சில்லைப் பிடித்தன. இன்றைய வாகனம் நிற்கும் தூரத்தில் அது நில்லாது. பழைய பிறேக் பட்டைகளிற் கல்நார் உண்டு. அத்தூசியை வாயால் ஊதுவதும் காற்றால் அடிப்பதும் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்து எடுத்தல் வேண்டும். மின்தொடக்கி வருமுன் எஞ்சினைக் கைப்பிடியாற் சுழற்றியே ஓடச்செய்தனர். பொறி முந்திவிட்டால் கைப்பிடி எதிர்த்து உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். அக்கொடுமையைப் போக்கிய சார்ள்ஸ் கெற்றரிங்கின் மின்தொடக்கி 1912ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டியிலேதான் முதலில் வந்தது.

இனி, இப்பொழுதுபோக்கில் ஈடுபட்டோரிடையே ஓயாது நிகழும் ஒரு வாதத்தைக் கூறவேண்டும். பழைய வண்டியைப் புதியதுபோல ஆக்குவதா, அன்றிப் பழையதாகவே காப்பதா? ஒரு சாரார் எல்லாவற்றையும் சுரண்டி எறிந்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளிற்கூட இல்லாத மினுக்கத்தை ஏற்றுவர். மற்றவர்கள், உழவனின் கைபட்டுத் தேய்ந்த சுக்கானையும் வெயிலில் மங்கிய வர்ணத்தையும் வரலாற்றுச் சான்றாகக் கருதுவர். சர்வதேசப் பழம்வாகனக் கூட்டமைப்பின் சார்பில் 2013இல் வெளியான தூரின் சாசனம், இயன்றவரை உள்ளதைக் காப்பாற்றுக, செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்குக என்று வற்புறுத்துகிறது. போர்க்கால ஜீப்புகளுட் போர்ட் கம்பனி செய்தவற்றின் ஆணித்தலைகளில் அக்கம்பனியின் முதலெழுத்து பொறிக்கப்பட்டிருந்தது. வில்லிஸ் ஆணியும் அங்கே கச்சிதமாகப் பொருந்தும், வண்டியும் ஓடும். ஆயினும் அந்த எழுத்துப் பொறித்த ஆணியைத் தேடி மாதக்கணக்கில் அலைவோர் இருக்கின்றனர். இது பைத்தியம் என்று சிரிப்பது எளிது. ஏட்டுச்சுவடியிற் சிதைந்த எழுத்தை ஊகித்து நிரப்பாமல், மூலத்தைத் தேடி அலைந்த பதிப்பாசிரியரின் மனமும் இதே இனத்தைச் சேர்ந்ததென்பதை நினைத்தால் சிரிப்பு அடங்கும்.

ஆனால் எல்லோருக்கும் அந்தச் சுதந்திரம் கிடைப்பதில்லை. 1962ஆம் ஆண்டில் அமெரிக்கா முழு வணிகத்தடை விதித்தபின், கியூபா நாட்டுக்கு அமெரிக்க உதிரிப்பாகம் வருவது நின்றது. அங்கே 1950களின் செவ்ரோலெட் வண்டிகள் இன்றும் ஓடுகின்றன; பலவற்றின் உள்ளே சோவியத் வண்டிகளின் எஞ்சின் இருக்கும். அங்கே மூல ஆணியைத் தேடி எவரும் அலைவதில்லை. பிள்ளைகளின் சோற்றுக்காக வண்டி ஓடவேண்டும், அவ்வளவே.

இலங்கைத் தமிழருக்கும் அந்த அனுபவம் உண்டு. 1990இல் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. அங்கே ஓடியவை பெரும்பாலும் ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய ஆங்கிலேய வண்டிகள். சில துளி பெற்றோலை ஊற்றி எஞ்சினைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். அது மாயமன்று; பௌதிகம். அக்காலத்து எஞ்சின்களின் அழுத்த விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவில், தாழ்வானது. போர்ட் ‘ஏ’ மாதிரியில் அது நான்கேகாலுக்கும் குறைவு. இன்றைய எஞ்சின்களிலோ பத்துக்கு ஒன்றையும் எட்டுவதுண்டு. தாழ்ந்த அழுத்தத்திலே, சூடேறிய குழாயில் ஆவியான மண்ணெண்ணெய் ஒருவாறு எரிந்தது. அதற்குரிய தண்டனையும் இருந்தது: எண்ணெய் நீர்த்துப்போயிற்று, கரி படிந்தது, வால்வுகளை அடிக்கடி தேய்க்க நேர்ந்தது. எனினும் நோயாளர் ஆஸ்பத்திரியை அடைந்தனர். எளிய யந்திரமும் அதை அறிந்த கையும் ஒன்றுசேர்ந்தமையால் அது இயன்றது. அவற்றுள் ஒன்று இல்லாதிருந்தாலும் வண்டி தெருவிலேயே நின்றிருக்கும்.

ஆகவே, பழைய வண்டிகளைப் பேணுவது செல்வர்களின் வேடிக்கை என்ற குற்றச்சாட்டில் ஒரு பாதி உண்மையே. ஊர்வலத்தில் ஓட்டிக் காட்டுவதற்காகப் பணத்தைக் கொட்டி, கையிற் கறைபடாமல் வாங்கி வைப்பவருக்கு அவ்வண்டி ஓர் ஆபரணம். பெரிய அமெரிக்க எஞ்சின் எரிபொருளை விழுங்குவதும் மெய். 2022ஆம் ஆண்டில், இலங்கையிற் காருக்கு வாரமொன்றுக்கு இருபது லீற்றர் என்று பங்கீடு செய்யப்பட்ட நாட்களில், எட்டு உருளை வண்டியை உல்லாசத்துக்காக ஓட்டுவது எவருக்கும் தோன்றியிராது. ஆனால் தன் கையாற் பிரித்துத் தன் கையாற் பூட்டுபவனுக்கு அதே வண்டி ஒரு பள்ளிக்கூடம். அங்கே பௌதிகம் உண்டு, இரசாயனம் உண்டு, கணக்கு உண்டு, சரித்திரமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக உண்மையுணர்வு உண்டு. பரீட்சைத் தாளில் விடையைச் சுற்றி வளைத்து எழுதி அரைப் புள்ளி வாங்கலாம். எஞ்சினிடம் அது செல்லாது. சரியாகச் செய்தால் ஓடும், தவறினால் நிற்கும்.

இப்பள்ளிக்கூடத்துக்கு அமெரிக்க வண்டி இருந்தே ஆகவேண்டும் என்பதுமில்லை. 1917இல் போர்ட் வெளியிட்ட ‘போர்ட்சன்’ உழவு இயந்திரம், ‘ரி’ மாதிரியின் உடன்பிறப்பு எனத்தக்கது. அதுவும் மண்ணெண்ணெயிலே ஓடியது. வயல்வரம்பிற் கிடக்கும் ஒரு பழைய மாசி பெர்கூசன், மூலையிற் சாய்த்து வைத்த ஒரு பழைய நீரிறைக்கும் இயந்திரம் ஆகியவையும் அதே பாடத்தையே சொல்லித்தரும்.

2006ஆம் ஆண்டுப் போரிலே மூதூர்க் கிழக்கின் கிராம மக்கள் இடம்பெயர்ந்தபோது, உழவு இயந்திரங்களையும் மோட்டார் சைக்கிள்களையும் கைவிட்டுச் செல்ல நேர்ந்தது. தூக்கிச் செல்லக்கூடியதாய் எஞ்சியது அவர்கள் கைகளில் இருந்த வித்தை ஒன்றே. எங்கே போய் இருந்தாலும், ஒரு சாவியும் ஒரு சுத்தியலும் கிடைத்தால், அவ்வித்தை அவர்களுக்குச் சோறு போட்டது. பின்னர் 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 வரையில் தனியார் வாகனங்கள் வராதிருந்த காலத்திலே, நாடு முழுவதும் பழைய வண்டிகளைக் கொண்டே காலந்தள்ளியது. அப்போதும் மக்கள் தேடிச் சென்றது பழுதறிந்த கையையே.

அந்தக் கைக்கு இப்போது முதுமை வந்துவிட்டது. வெள்ளைக் கலப்புலோகம் வார்க்கத் தெரிந்தவரும், சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு என்று சொல்லக்கூடியவரும் நூலெழுதி வைக்கவில்லை. அவர்களுடைய கல்வி பக்கத்தில் நின்று சாவி எடுத்துக் கொடுத்த பையனிடத்திலேதான் சேரும். அப்பையன் அருகில் இல்லையென்றால் அது அவர்களோடு முடிந்துபோம். இன்றைய வாகனங்களிற் குறை காண்பதற்குக் கணினி வேண்டும். பல பெட்டிகள் திறக்கவொண்ணாதபடி மூடப்பட்டவை. அதைக் குறைகூறிப் பயனில்லை. அவ்வாகனங்கள் புகை குறைந்தவை, பாதுகாப்பு மிகுந்தவை. ஆனால் மூடிய பெட்டியைப் பழுதுபார்க்கப் போகிறவனும், திறந்த எஞ்சினிலே காரணகாரியத்தைக் கண்டு தெளிந்தவனாக இருத்தல் நலம். வாய்ப்பாடு தெரியாதவன் கையிற் கணக்குப் பொறியைக் கொடுத்து ஆவதென்ன?

பழைய வண்டிகளைப் பேணுவோர் சங்கங்கள் தங்கள் ஊர்வலங்களோடு இந்தக் கடமையையும் மேற்கொள்ளலாம்: வயது முதிர்ந்த மெக்கானிக்கு ஒருவரையும், பாடசாலை மாணவர் சிலரையும், ஓடாத எஞ்சின் ஒன்றையும் ஓரிடத்திற் சேர்த்து வைத்தல். அதற்குப் பெருஞ்செலவு இல்லை. கட்டைபறிச்சானில் அதற்கு ஒரு மரநிழல் போதும். முதல் நாள் மாணவர் கொப்பியில் எழுதட்டும். இரண்டாம் நாள் ஒரு சுரையைக் கழற்றட்டும். என்றோ ஒருநாள் அந்த எஞ்சின் இருமி, புகைந்து, உயிர்பெற்று ஓடும்போது, அதைச் சுற்றி நிற்கும் முகங்களைப் பார்த்தால், இது வீண் விளையாட்டா, கல்வியா என்ற வினாவுக்கு விடை கிடைத்துவிடும்.